சீல் சின்னது, லேபர் பெரிது

வாசல் தெளிக்கப் போன என் மனைவிதான் முதலில் பார்த்தாள். கார் நின்ற இடத்தில் கறுப்பாக நாலு சொட்டு. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "பேக் சீல் போயிட்டு அண்ணாச்சி, கியர்பாக்ஸ எறக்கணும்" என்றார். சீலை நானே கடையில் வாங்கிக் கொடுத்தேன். மாட்டிப் பதினைந்தாம் நாள், அதே இடத்தில் அதே நாலு சொட்டு. கடைக்காரர், "வேற சீல் தாரேன், லேபர் நம்ம கணக்கு இல்ல" என்றார். மெக்கானிக், "பொருள் சரியில்லன்னா நான் என்ன செய்ய?" என்றார். சீல் விலை சில நூறு ரூபாய்தான். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி அதைப் போலப் பல மடங்கு. அந்தக் கூலி யார் தலையில் விழும் என்பதில்தான் சண்டையே.

கிராங்க் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஆயில் சீல் உண்டு. பெல்ட் பக்கம் இருப்பது முன் சீல், பிளைவீல் பக்கம் இருப்பது பின் சீல். பின் சீல் கசிந்தால் எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் ஏறும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மேட்டில் கிளட்ச் வழுக்கும்போதுதான் பலருக்கு விஷயம் புரிகிறது. முன் சீல் கசிவு, டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் அந்தப் பெல்ட்டையே கெடுத்துவிடும்.

கியர்பாக்ஸில் கை வைக்கும் முன், கசிவது சீல்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேலே வால்வு கவர் பேக்கிங்கில் கசியும் எண்ணெயும் எஞ்சின் முதுகு வழியாக இறங்கி அதே இடத்தில்தான் சொட்டும். துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரீதர் பைப் அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, எத்தனை புதுச் சீல் போட்டாலும் கசிய வைக்கும்.

வாங்கும்போது கண்ணளவு போதாது. சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். மூன்றும் ஒத்தாலும் ரப்பர் வேறாக இருக்கலாம். சாதாரண நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சீக்கிரம் இறுகிப்போகும். விட்டான் என்ற ரப்பர் 200 வரை தாங்கும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட சீலும் உண்டு. ஆகவே வண்டியின் மாடல், வருடம், பார்ட் நம்பர் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

மாட்டுவதில்தான் பாதி சீல் பாழாகிறது. ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். ரப்பர் உதடு என்றால் சுத்தமான எஞ்சின் ஆயில் தடவ வேண்டும்; டெஃப்ளான் உதடு என்றால் பெரும்பாலும் எண்ணெயே படக்கூடாது. ஒரு ஓரத்தில் சுத்தியலால் தட்டினால் சீல் சாய்ந்துவிடும், வட்டமான டூல் வைத்துச் சமமாக இறக்க வேண்டும். பழைய சீல் உரசிய இடத்தில் ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருந்தால், மெல்லிய ஸ்லீவ் போடாமல் புதுச் சீல் நிற்பது கடினம். இதைப் பார்க்காமல் மாட்டியது கடைக்காரர் பிழை அல்ல, வேலையின் பிழை.

சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் குறைபாடு வேறு, சேவையின் குறைபாடு வேறு. எது என்று தெரியாவிட்டால் கடை, ஒர்க்‌ஷாப் இரண்டையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். இரண்டாம் முறை கொடுத்த லேபரையும் நஷ்டஈடாகக் கேட்கலாம். பில் தர மறுப்பதே அந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. சொந்தமாக ஒரு டாக்சி ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, 2 வருடத்துக்குள் புகார் தரலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். பெயர் பெற்ற கம்பெனியின் பெயரைப் போலியாக ஒட்டி விற்றால் அது வணிகக்குறிச் சட்டப்படி குற்றம்; 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை.

"வெளியில வேலை பார்த்தா வாரண்டி போயிரும்" என்று கம்பெனி சர்வீஸில் பயமுறுத்துவதும் உண்டு. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்ததற்காக. வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்ததற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும், அந்த வேலையால் பழுது வந்தால் மட்டும் மறுக்கலாம் என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின.

மெக்கானிக்குக்கும் உரிமை உண்டு. பார்த்த வேலைக்குக் கூலி வரும்வரை, ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவுப்படி வண்டியை நிறுத்திவைக்கலாம். அதனால் சாவியைக் கொடுக்கும் முன்பே பேசி, எவ்வளவு லேபர், மறுபடி கசிந்தால் யார் பொறுப்பு என்பதைப் பில்லின் பின்புறமாவது எழுதி வாங்குங்கள். சீல் வந்த பெட்டியையும் கழற்றிய பழைய சீலையும் தூக்கிப் போடாதீர்கள்.

நான் பில்லும் வாங்கவில்லை, பெட்டியையும் வைக்கவில்லை. இரண்டாம் முறை லேபரும் என் பையிலிருந்துதான் போனது.