வோடஃபோன் ஐடியா மீளுமா?

பிரிட்டனின் வோடஃபோன் குழுமத்தின் இந்தியப் பிரிவும் ஆதித்ய பிர்லா குழுமத்தின் ஐடியா செல்லுலார் நிறுவனமும் 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இணைந்தபோது, 40 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்ட வோடஃபோன் ஐடியா நாட்டின் மிகப் பெரிய செல்பேசி நிறுவனமாக உருவெடுத்தது. ஏழே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 20 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. இடையில் அதன் வணிகப் பெயர் ‘வி’ என்று மாறியது. மிகப் பெரிய பங்குதாரராக மத்திய அரசே வந்து அமர்ந்தது. இன்று அந்நிறுவனம் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவிட்டுத் தன் வலையமைப்பைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை தாமதமாகச் செய்யப்படும் இந்தப் புதுப்பிப்பு, போனவர்களைத் திருப்பிக் கொண்டுவரும் அளவுக்கு, அல்லது இருப்பவர்களையாவது போகாமல் நிறுத்தும் அளவுக்குப் பயன் தருமா என்பதே எல்லோர் முன்னும் உள்ள கேள்வி.

சரிவின் தொடக்கம் 2016 செப்டம்பரில் நேர்ந்தது. பழைய 2ஜி, 3ஜி வலையமைப்புகளின் சுமை ஏதுமின்றி 4ஜியை மட்டுமே நம்பிக் களமிறங்கிய ரிலையன்ஸ் ஜியோ, அழைப்புகளை முற்றிலும் இலவசமாக்கி, இணையத் தரவையும் பல மாதங்களுக்கு விலையின்றி வழங்கியதால், பேசும் நேரத்துக்குக் கணக்குப் பார்த்துக் காசு வாங்கிப் பழகிய நிறுவனங்கள் அனைத்தின் வருவாயும் ஆட்டம் கண்டது. சிறிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. தமிழ்நாட்டில் வேரூன்றி வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் சிக்னலே இல்லாமல் முடங்கியதையும், எண்ணை இழந்துவிடாமல் வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கு மக்கள் பட்ட பாட்டையும் இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தனித்து நின்றால் தங்களுக்கும் அந்த நிலைதான் என்று கருதியே வோடஃபோனும் ஐடியாவும் கைகோத்தன. ஆனால் ஒரே ஊரில் இரு நிறுவனங்களுக்கும் இருந்த கோபுரங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, யாருடைய கருவியை எங்கே மாற்றுவது என்று ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டமாக ஒழுங்குபடுத்துவதிலேயே அவற்றின் கவனம் செலவானது. அதே காலத்தில் ஜியோவும் ஏர்டெலும் புதிய 4ஜி வசதியை ஊர் ஊராக விரித்துக்கொண்டே போயின.

இணைந்து ஓராண்டு கடந்த நிலையில் அடுத்த அடி உச்ச நீதிமன்றத்திலிருந்து விழுந்தது. 1999ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பிறகு, செல்பேசி நிறுவனங்கள் நிலையான உரிமத் தொகைக்குப் பதிலாகத் தங்கள் வருவாயில் ஒரு பங்கை அரசுக்குச் செலுத்திவருகின்றன. அந்தப் பங்கைக் கணக்கிட அடிப்படையாகும் தொகைக்குத்தான் ஏஜிஆர், அதாவது சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய் என்று பெயர். அதில் 8 சதவீதம் உரிமக் கட்டணமாகவும், ரேடியோ அலைகளைப் பயன்படுத்தும் உரிமையாகிய அலைக்கற்றைக்கான கட்டணம் தனியாகவும் வசூலிக்கப்பட்டது. வங்கி வைப்பின் வட்டி, கட்டட வாடகை, சொத்துகளை விற்ற பணம் போன்றவை செல்பேசிச் சேவையால் வந்தவை அல்ல என்பதால் அவற்றைச் சேர்க்கக் கூடாது என்று நிறுவனங்களும், எல்லாமே வருவாய்தான் என்று தொலைத்தொடர்புத் துறையும் ஆண்டுக்கணக்கில் வழக்காடிய பின், 2019 அக்டோபர் 24 அன்று தீர்ப்பு துறைக்குச் சாதகமாக வந்தது. அதற்குள் அசலைக் காட்டிலும் வட்டியும், அபராதமும், அபராதத்தின் மீதான வட்டியும் பெரிதாக வளர்ந்திருந்தன. துறையின் கணக்கின்படி வோடஃபோன் ஐடியா கட்ட வேண்டியது 58,254 கோடி ரூபாய். தீர்ப்பின் விளைவைக் கணக்கில் ஏற்றிய அந்தக் காலாண்டில் நிறுவனம் காட்டிய நஷ்டம் 50,921 கோடி ரூபாய். அதுவரை எந்த இந்திய நிறுவனமும் ஒரே காலாண்டில் இவ்வளவு நஷ்டம் காட்டியதில்லை.

பாக்கியைப் பத்து ஆண்டுத் தவணைகளில் கட்டலாம் என்று 2020 செப்டம்பரில் நீதிமன்றம் இசைந்தபோதும், தவணைக்குப் பணம் திரட்டவே திணறிய நிறுவனத்திடம் புதிய கருவிகள் வாங்கக் காசு மிஞ்சவில்லை. 2021 ஜூனில், நிறுவனத்தின் தலைவராக இருந்த குமார் மங்கலம் பிர்லா மத்திய அரசின் அமைச்சரவைச் செயலருக்கு எழுதிய கடிதத்தில், நிறுவனத்தைக் காப்பாற்றக்கூடிய யாருக்கும் தம் பங்கைக் கொடுத்துவிடத் தயார் என்று தெரிவித்தார். ஆகஸ்டில் தலைவர் பதவியிலிருந்தும் விலகினார். கோபுரங்களை வாடகைக்கு விடும் இண்டஸ் டவர்ஸ், வாடகை பாக்கியைத் தீர்க்காவிட்டால் கோபுரங்களைப் பயன்படுத்த முடியாது என்று 2022இல் எச்சரிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

இந்தக் கட்டத்தில் அரசு எடுத்த நிலை கவனிக்கத்தக்கது. 2021 செப்டம்பரில் பாக்கிகளுக்கு நான்கு ஆண்டு அவகாசம் வழங்கி, அந்த அவகாசத்துக்கான வட்டியைப் பங்குகளாக மாற்றிக்கொள்ளவும் வழிவகுத்தது. அதன்படி 2023 பிப்ரவரியில் 16,133 கோடி ரூபாய் வட்டி பங்குகளாக மாறி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உரிமை அரசின் கைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் அலைக்கற்றைப் பாக்கியில் 36,950 கோடி ரூபாயும் அவ்வாறே மாற, அரசின் பங்கு 48.99 சதவீதமாக உயர்ந்தது. அந்த அளவோடு நின்றதற்குக் காரணம் உண்டு. பாதிக்கு மேல் போனால் அது பொதுத்துறை நிறுவனமாகிவிடும்; பிஎஸ்என்எல்லைத் தூக்கி நிறுத்தவே அரும்பாடுபடும் அரசுக்கு இன்னொன்று வேண்டியதில்லை. ஆகவே அலைக்கற்றையை விற்பவரும், உரிமம் தருபவரும், கடன் கொடுத்தவரும், பாதியளவு உரிமையாளரும் ஒருவரே என்ற விசித்திரமான நிலை உருவாகியிருக்கிறது. நிர்வாகம் மட்டும் பழைய உரிமையாளர்களிடமே இருக்கிறது.

வலையமைப்புக்கு உண்மையில் பணம் வந்தது 2024இல்தான். அவ்வாண்டு ஏப்ரலில் பங்கு ஒன்றுக்கு 11 ரூபாய் என்ற விலையில் தொடர் பங்கு வெளியீட்டின் வழியே 18,000 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. செப்டம்பரில் நோக்கியா, எரிக்சன், சாம்சங் ஆகிய மூன்று நிறுவனங்களோடு ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய்க்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் போடப்பட்டது. 103 கோடி மக்கள் வாழும் பகுதிகளை எட்டியிருந்த 4ஜி சேவையை 120 கோடி மக்களை எட்டும்படி விரிவாக்குவது அதன் முதல் இலக்கு.

இந்தப் பணத்தில் கோபுரத்தில் என்ன நடக்கிறது? உச்சியில் மூன்று திசைகளை நோக்கி நீண்ட பலகைகள் போல நிற்பவை ஆன்டெனாக்கள். அவற்றை அடுத்துக் கட்டப்பட்டிருக்கும் சிறு பெட்டிகள் அலைகளை அனுப்பிப் பெறும் ரேடியோக்கள். கீழே அலமாரியில் இருக்கும் கருவி தரவுகளைப் பிரித்துத் தொகுத்து ஃபைபர் கேபிள் வழியே மையத்துக்கு அனுப்புகிறது. புதுப்பிப்பு என்றால் பெரும்பாலும் புதிய கோபுரம் எழுப்புவது என்று பொருளில்லை. இருக்கும் கோபுரத்திலேயே பழைய ரேடியோக்களை இறக்கி, பல அலைவரிசைகளை ஒருங்கே கையாளும் புதியவற்றை ஏற்றுகிறார்கள். 3ஜி சேவையை நிறுத்தி, அது பிடித்து வைத்திருந்த அலைக்கற்றையை 4ஜிக்குத் திருப்புகிறார்கள். அதே அகலமுள்ள அலைக்கற்றையில் 4ஜி கூடுதலான தரவைச் சுமக்கும் என்பதால் இதில் உடனடிப் பலன் உண்டு. இன்னொரு முக்கியமான பணி 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 4ஜியைப் பரப்புவது. அதிர்வெண் குறையக் குறைய அலை அதிகத் தொலைவு செல்வதோடு சுவர்களையும் எளிதாக ஊடுருவும். தெருவில் நன்றாக இருக்கும் சிக்னல் வீட்டுக்குள் வந்ததும் காணாமற்போகிறது என்ற புகாருக்கு இதுவே மருந்து.

5ஜியின் கதை வேறு. ஜியோவும் ஏர்டெலும் 2022 அக்டோபரில் தொடங்கிய சேவையை வோடஃபோன் ஐடியா 2025 மார்ச்சில்தான் மும்பையில் தொடங்கி, பிறகு மற்ற நகரங்களுக்குக் கொண்டுசென்றது. விளம்பரங்களில் 5ஜிதான் பெரிதாகத் தெரிகிறது என்றாலும், கைவசமுள்ள வாடிக்கையாளரைத் தக்கவைப்பதில் வீட்டுக்குள் எட்டும் 4ஜிக்கே அதிகப் பங்கு இருக்கும் என்று கொள்வது பொருத்தம்.

ஏனெனில் வாடிக்கையாளர் வெளியேறுவது மிக எளிது. ‘போர்ட்’ என்ற சொல்லோடு தம் எண்ணைச் சேர்த்து 1900க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் எழுத்துகளும் எண்களும் கலந்த எட்டு இலக்கக் குறியீடு வந்துசேரும். அதைப் புதிய நிறுவனத்தின் கடையில் காட்டினால் சில நாட்களில் பழைய எண்ணோடே புதிய சிம் உயிர்பெற்றுவிடும். இப்படிப் போகிறவர்களில் அதிகம் செலவிடுபவர்களே முந்திக்கொள்கிறார்கள் என்பது இந்தத் தொழிலில் பழகிய உண்மை. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதத்துக்குச் சராசரியாகக் கிடைக்கும் வருவாயை ஆர்ப்பு என்ற சுருக்கப்பெயரால் குறிப்பிடுவர். 2025 ஜூன் காலாண்டில் அது ஏர்டெலுக்கு 250 ரூபாயாகவும், ஜியோவுக்கு 208 ரூபாய்க்குச் சற்று மேலாகவும் இருக்க, வோடஃபோன் ஐடியாவுக்கு 177 ரூபாயாக இருந்தது. கோபுர வாடகையும் மின்சாரமும் மூவருக்கும் பெரிதும் வேறுபடாத நிலையில் இந்த இடைவெளி சிறியதன்று. கட்டணத்தை உயர்த்தலாம், ஆனால் மற்ற இருவரும் உயர்த்தாமல் தான் மட்டும் உயர்த்தினால் இருப்பவர்களும் போய்விடுவார்கள்.

2025ஆம் ஆண்டின் கடைசி நாளில் மத்திய அமைச்சரவை ஏஜிஆர் பாக்கியை 87,695 கோடி ரூபாய் என்ற அளவில் நிறுத்திவைத்து, அதை 2031-32 நிதியாண்டு முதல் தவணைகளாகச் செலுத்த அனுமதித்தது. தலைக்கு மேல் தொங்கிய கத்தி சற்று விலகியிருக்கிறது. தள்ளிவைப்பது தள்ளுபடி ஆகாது, அலைக்கற்றைப் பாக்கியும் தனியே நிற்கிறது. எனினும் இரண்டே தனியார் நிறுவனங்கள் கையில் நாட்டின் செல்பேசிச் சேவை சிக்கிவிடுவதை அரசு விரும்பவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. ஆகவே நிறுவனம் மூடப்படும் அபாயம் இப்போதைக்குக் குறைவு. முன்பிருந்த இடத்தை மீண்டும் பிடிப்பதற்கான வாய்ப்பும் குறைவே. மூன்றாம் இடத்தில் நிலைத்து நின்று, வாடிக்கையாளர் இழப்பை நிறுத்தி, 2031க்குள் தவணை கட்டும் அளவுக்கு ரொக்கம் ஈட்டினால் அதையே வெற்றி என்று கொள்ள வேண்டும்.

பத்து ரூபாயை ஒட்டிய விலையைப் பார்த்து மலிவு என்று இந்தப் பங்கை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அடுத்தடுத்த வெளியீடுகளாலும் அரசுக்குத் தரப்பட்டவற்றாலும் இந்நிறுவனத்தின் பங்குகளின் எண்ணிக்கை இன்று 10,000 கோடியைத் தாண்டிவிட்டது.