ஐபி கறுப்புப் பட்டியல்

ஐபி கறுப்புப் பட்டியல் என்பது, ஸ்பாம் எனப்படும் எரித அஞ்சல்களை அனுப்பும் கணினிகளின் ஐபி முகவரிகளைத் தொகுத்து, மின்னஞ்சல் வழங்கிகள் உடனுக்குடன் வினவக்கூடியவாறு வெளியிடப்படும் பட்டியல் ஆகும். இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் டிஎன்எஸ் எனப்படும் ஆள்களப் பெயர் முறைமையூடாக வழங்கப்படுவதால், இவை டிஎன்எஸ்பிஎல் எனவும் அழைக்கப்படுகின்றன.

வரலாறு

இவ்வகைப் பட்டியல்களுள் முதலாவதான ஆர்பிஎல், 1997 இல் பால் விக்சி என்பவரால் தொடங்கப்பட்டது. பின்னர் இது மேப்ஸ் என்னும் அமைப்பின் கீழ் நடத்தப்பட்டது. மேப்ஸ் என்பதன் ஆங்கில எழுத்துக்களைப் பின்னிருந்து படித்தால் ஸ்பாம் என வரும். தொடக்கத்தில் இப்பட்டியல் பிஜிபி நெறிமுறை மூலம் திசைவிகளுக்கு வழங்கப்பட்டமையால், பட்டியலிலுள்ள கணினியுடனான எல்லாத் தொடர்பும் துண்டிக்கப்பட்டது. டிஎன்எஸ் முறை வந்தபின் மின்னஞ்சலை மட்டும் மறுப்பது இயலுவதாயிற்று. 1998 இல் ஸ்டீவ் லின்போர்ட் ஸ்பாம்ஹாஸ் அமைப்பைத் தொடங்கினார். டிஎன்எஸ் முறையின் விவரிப்பு 2010 இல் ஆர்எப்சி 5782 என்ற ஆவணமாக வெளியிடப்பட்டது.

செயற்படும் முறை

192.0.2.99 என்ற முகவரியிலிருந்து ஒரு கணினி அஞ்சல் அனுப்ப முனைவதாகக் கொள்வோம். பெறும் வழங்கி அம்முகவரியின் எண்களை 99.2.0.192 எனத் தலைகீழாக்கி, அதனுடன் பட்டியலின் ஆள்களப் பெயரை இணைத்து டிஎன்எஸ் வினவல் ஒன்றை அனுப்பும். அப்படி ஒரு பெயர் இல்லை என்ற பதில் வந்தால் முகவரி பட்டியலில் இல்லை எனப் பொருள். 127.0.0.2 போன்ற பதில் வந்தால் அது பட்டியலில் உள்ளது. பதிலின் கடைசி எண், சேர்க்கப்பட்டதன் காரணத்தைக் குறிக்கலாம்.

அஞ்சலின் உள்ளடக்கத்தைப் பெறுமுன்னரே இச்சோதனை முடிந்துவிடுவதால் வழங்கியின் வேலைப்பளு வெகுவாகக் குறைகின்றது. மேலும், 554 போன்ற பிழைக்குறியுடன் இணைப்பிலேயே மறுக்கும்போது, தவறாகத் தடுக்கப்பட்ட அனுப்புநருக்கு அவரது வழங்கி அதனைத் தெரிவிக்க இயலும். எரிதக் கோப்புறைக்குள் சேர்க்கப்படும் அஞ்சலுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

வகைகள்

ஸ்பாம்ஹாஸ் வெளியிடும் பட்டியல்கள் முக்கிய வகைகளைக் காட்டுகின்றன.

- எஸ்பிஎல்: எரிதம் அனுப்புவோருடன் தொடர்புடைய முகவரிகள்.
- எக்ஸ்பிஎல்: தீநிரல்களால் கைப்பற்றப்பட்ட கணினிகளின் முகவரிகள்.
- பிபிஎல்: வீட்டு இணைப்புகள் போன்று, பிற வழங்கிகளுக்கு நேரடியாக அஞ்சல் அனுப்பக்கூடாத முகவரிகள். இதில் இடம்பெறுவது குற்றச்சாட்டு அன்று.

இம்மூன்றும் சென் என்ற ஒரே பட்டியலாகவும் கிடைக்கின்றன.

சிக்கல்கள்

கறுப்புப் பட்டியலைப் பயன்படுத்தும் நிருவாகி, எந்த அஞ்சலை ஏற்பது என்ற முடிவை வேறொருவரிடம் ஒப்படைக்கின்றார். பல வாடிக்கையாளர்கள் பகிரும் ஒரு வழங்கியில் ஒருவர் எரிதம் அனுப்பினாலும், அதே முகவரியைப் பயன்படுத்தும் ஏனையோரின் அஞ்சல்களும் மறுக்கப்படும்.

பட்டியல் மறைந்துபோவதும் ஆபத்தானது. ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. எனினும் பலர் தம் வழங்கிகளிலிருந்து அதன் பெயரை நீக்கவில்லை. 2008 மார்ச்சில் அது எல்லா வினவல்களுக்கும் "பட்டியலில் உள்ளது" எனப் பதிலளிக்கத் தொடங்கியதும், அவ்வழங்கிகள் தமக்கு வந்த நல்ல அஞ்சல்களையும் மறுத்தன. 2021 சனவரி இறுதியில் ஸ்பாம்காப் சேவையின் ஆள்களப் பெயர் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானபோதும் இதே நிலை ஏற்பட்டது. நெடுங்காலம் இயங்கிய சோர்ப்ஸ் பட்டியல் 2024 சூனில் நிறுத்தப்பட்டது.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

- எந்தப் பதில் வந்தாலும் மறுக்குமாறு அமைக்காமல், பட்டியல் அறிவித்துள்ள குறிகளுக்கு மட்டும் மறுக்குமாறு அமைத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஸ்பாம்ஹாஸ் தரும் 127.255.255.254 என்பது, வினவல் பொது டிஎன்எஸ் வழங்கியூடாக வந்தது என்ற பிழைச் செய்தியே ஆகும்.
- 127.0.0.2 என்ற சோதனை முகவரி எப்போதும் பட்டியலில் இருக்கும், 127.0.0.1 ஒருபோதும் இராது. இவ்விரண்டையும் அவ்வப்போது வினவிப் பட்டியல் சரியாக இயங்குவதை அறியலாம்.
- தன் பயனர்கள் கடவுச்சொல்லுடன் அனுப்பும் அஞ்சல்களுக்கு இச்சோதனையைத் தவிர்க்க வேண்டும். அவர்களது வீட்டு முகவரிகள் பிபிஎல்லில் இருப்பது இயல்பு.
- தவறவிடக்கூடாத அனுப்புநர்களுக்குத் தனியே ஓர் அனுமதிப் பட்டியல் வைத்திருத்தல் நன்று.