கடைசி மணி நேரத்துக் கூலி

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில், விடியற்காலையில் திராட்சைத் தோட்டத்துக்கு வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் கூலி ஒன்றுதான்: ஒரு தெனாரியம். அக்காலத்தில் அந்த வெள்ளிக்காசு ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். அது கைக்கு வந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும். நாள் முழுக்க வெயிலில் உழைத்தவர்களுக்கு இது அநியாயம் அல்லவா என்று கேட்கலாம். உவமையிலேயே அவர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பேசிய கூலியில் அவர்களுக்கு ஒரு காசும் குறையவில்லை. பிந்தி வந்தவர்களோ, வேலைக்குக் கூப்பிட ஆளில்லாமல் சந்தைவெளியில் காத்துநின்றவர்கள். வேலை கிடைக்காதது அவர்கள் குற்றமல்ல. பசியும் நேரம் பார்த்துக் குறைவதில்லை. ஆகவே ஒப்பந்தத்தைக் காப்பதோடு தேவையறிந்து கொடுப்பதும் நீதியில் அடங்கும் என்பதே இந்த உவமை வைக்கும் வாதம்.