இயேசுவின் பெயரைச் சொல்லலாமா?

அமெரிக்காவில் பல ஊர்களில் நகர மன்றக் கூட்டம் ஜெபத்தோடுதான் தொடங்குகிறது. அந்த ஜெபத்தில் இயேசுவின் பெயரைச் சொல்லலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டருக்குப் பக்கத்தில் கிரீஸ் என்று ஓர் ஊர். 1999 முதல் அங்கே மாதாந்திரக் கூட்டத்தை உள்ளூர் போதகர் ஒருவர் ஜெபம் செய்து தொடங்கி வைப்பார். 2007 வரை வந்தவர்கள் எல்லோருமே கிறிஸ்தவர்கள். யூதப் பெண் ஒருவரும் கடவுள் நம்பிக்கை இல்லாத பெண் ஒருவரும் வழக்குப் போட்டார்கள். 'எல்லோருக்கும் பொதுவான கடவுளிடம் மட்டும் ஜெபியுங்கள்' என்பது அவர்கள் கோரிக்கை. 2014-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஜெபத்தின் வார்த்தைகளை அரசு தணிக்கை செய்தால், அது மதத்துக்குள் இன்னும் அதிகமாக மூக்கை நுழைப்பதாகிவிடும் என்பது நீதிபதி ஆன்டனி கென்னடியின் வாதம்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவனான எனக்கு இந்த வாதம் நன்றாகவே புரிகிறது. இங்கே ஒரு விழாவில் ஆரம்ப ஜெபம் செய்யக் கூப்பிட்டார்கள். "இயேசு பேரு மட்டும் வேணாம் பிரதர், பொதுவா ஏதாவது சொல்லிடுங்க" என்றார் அமைப்பாளர். மறுத்துவிட்டேன். முகவரி எழுதாத கடிதத்தை எந்தத் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்ப்பார்?

ஆனால் அதே வழக்கில் மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி எலினா ககன் சொன்னதையும் தள்ள முடியவில்லை. ஆபத்தான சந்திப்பில் சிக்னல் கேட்டு முஸ்லிம் ஒருவர் மன்றத்துக்கு வருகிறார். கிறிஸ்தவ ஜெபத்துக்கு அவரும் தலைகுனிய வேண்டுமா, ஒதுங்கி நிற்க வேண்டுமா? மனுவைக் கையில் வைத்திருப்பவர் அதிகாரியின் முகத்தைப் பார்த்துத்தானே முடிவு எடுப்பார்! ஊரில் சிறுபான்மையாக வளர்ந்தவனுக்கு அந்தச் சங்கடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. 2007 ஜூலை 12 அன்று அமெரிக்க செனட்டில் முதன்முறையாக இந்துப் பிரார்த்தனை செய்தார் ராஜன் ஜெட். பார்வையாளர் மாடத்திலிருந்து கூச்சல் போட்டுக் கைதான 3 பேரும் கிறிஸ்தவர்கள். என் கடவுளின் பெயரை நான் சொல்ல வேண்டும், அடுத்தவர் அவர் கடவுளைச் சொல்லக் கூடாது என்றால், அது விசுவாசம் இல்லீங்க, ஆதிக்கம்.

நான் கேட்பது சின்ன விஷயம். கூட்டம் தொடங்க 10 நிமிடம் முன்பு ஜெபத்தை வைத்துக்கொள்ளுங்கள். விரும்புகிறவர்கள் வரட்டும். இயேசுவின் பெயரை வாய் நிறையச் சொல்லட்டும். அடுத்த மாதம் இன்னொருவர் முருகனைக் கூப்பிடட்டும். மனுவோடு வருகிறவர் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

ராஜாவின் கட்டளையை மீறித் தன் வீட்டு மேலறையில் முழங்கால் போட்ட தானியேலை நாங்கள் ஞாயிறு பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவர் தன் ஜெபத்தை ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை முழங்கால் போடச் சொல்லவும் இல்லை.