பட்டன் தேயாமலே சாகும் டயர்

அமெரிக்காவில் காருக்கும் பிக்கப் வண்டிக்கும் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகிறார்களே, அந்த முகாம் டிரெய்லரின் டயர், பட்டன் தேய்ந்து மொட்டையாகிக் கழிக்கப்படுவது அபூர்வம். கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அத்தனையையும் சுமந்துகொண்டு வருடத்தின் பெரும்பகுதி அது வெயிலில் சும்மா நிற்கிறது. கோடை விடுமுறை வந்ததும் ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான மைல் ஓடுகிறது. பட்டன் புத்தம்புதிதாய் இருக்கும்போதே உள்ளே ரப்பர் வறண்டு அடுக்குகள் விட்டுப்போகின்றன. இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவர்கள் இன்றும் குறைவு. டிரெய்லர் டயரின் கதையில் மாறியது எது, மாறாதது எது என்று பார்த்தால் எல்லாம் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

வாலி பையம் 1936இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரைக் கொண்டுவந்தபோது, ரிவெட் அடித்த அலுமினிய உடலின் பெருமையே எடை குறைவு என்பதுதான். 1950களில் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக டிரெய்லரோடு கிளம்பிய காலத்திலும் கீழே இருந்தது பெரும்பாலும் கார் அளவு வீல்தான்: 15 அங்குல ரிம், 7.00-15 போன்ற டயர். வாங்க நினைத்தவர் சியர்ஸ் கடைக்குப் போய் ஆல்ஸ்டேட் டயர் கேட்பார். இன்று காப்பீட்டு நிறுவனமாக உலகம் அறிந்த அந்தப் பெயர், 1926 முதலே சியர்ஸ் விற்ற டயரின் பெயர். அளவு சொன்ன பிறகு கடைக்காரரின் கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை ப்ளை? அதாவது உள்ளே எத்தனை அடுக்கு நூல். பருத்தி நூல் காலத்தில் அந்த எண்ணிக்கையே பலம். நூல் ரேயானாகி, நைலானாகி, பாலியெஸ்டராகி, இரண்டு மூன்று அடுக்கே போதும் என்றான பிறகும் ‘பத்து ப்ளை’ என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. இப்போது அது பலத்தின் பட்டம், அடுக்கின் கணக்கு அல்ல.

அந்த நாள் டயர்களில் நூல் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும். நம்மூர் லாரிக்காரர்கள் ‘நைலான் டயர்’ என்று சொல்கிற வகை. ஓடும்போது அடுக்குகள் ஒன்றையொன்று உரசிச் சூடேற்றும். ஆனால் பக்கச்சுவர் விறைப்பாக நிற்கும். டிரெய்லர் வாலாட்டுவது குறைவு. மிஷெலின் 1946இல் காப்புரிமை பெற்ற, நூல் சாயாமல் நேர்க்குறுக்காக ஓடும் ரேடியல், அமெரிக்கக் கார்களுக்கு 1970களில்தான் பரவலாக வந்தது. டிரெய்லருக்கு இன்னும் தாமதம். இன்றும் இரண்டுமே விற்பனையில் உண்டு. பக்கச்சுவரில் ‘டி 14’ என்றிருந்தால் பழைய வகை, ‘ஆர் 14’ என்றிருந்தால் ரேடியல். ஒரே டிரெய்லரில் இரண்டையும் கலந்து மாட்டக் கூடாது. வீட்டிலிருந்து படகுத்துறைக்கு மட்டும் போய்வரும் சிறு டிரெய்லருக்குப் பழைய வகையே போதும் என்பார்கள். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடுவதற்கு ரேடியலைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன். சூடு குறைவு என்ற ஒரு காரணமே போதும்.

சூடு என்றதும் வேகத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, பெட்ரோலை மிச்சப்படுத்த நாடு முழுக்க 55 மைல் வேகவரம்பு வந்தது. டிரெய்லர் டயர்களுக்கு அது கேட்காமல் கிடைத்த வரம். 1995இல் அந்தச் சட்டம் போயிற்று. மாநிலங்கள் 70, 75 என்று ஏற்றிக்கொண்டன. டெக்சாஸில் ஆஸ்டினுக்குத் தெற்கே 130ஆம் எண் சாலையில் 2012 முதல் வரம்பு மணிக்கு 85 மைல். சாலை இப்படி ஓடிக்கொண்டிருக்க, பக்கச்சுவரில் ‘எஸ்டி’ என்று தொடங்கும் டிரெய்லர் டயருக்கு, வேறு குறி இல்லாவிட்டால், 65 மைல்தான் எல்லை. அது தெரியாமல், இழுக்கும் வண்டியின் சக்தியை மட்டும் நம்பி 75இல் பறந்தவர்கள் எத்தனையோ பேர். சாலையோரம் சுருண்டு கிடக்கும் ரப்பர் தோல்களில் இந்தக் கதையும் கலந்திருக்கிறது.

இந்த இடைவெளி இப்போது கொஞ்சம் மூடியிருக்கிறது. அண்மைக்கால எஸ்டி டயர்களில் வேக எழுத்து இருக்கிறது: எல் என்றால் 75 மைல், எம் 81, என் 87. குட்இயர் 2017இல் கொண்டுவந்த எண்டூரன்ஸ் வரிசை இந்த ‘என்’ எழுத்தோடு, அமெரிக்காவிலேயே செய்ததாக வந்தது. இறக்குமதி டயர்களால் கசந்துபோயிருந்த பலர் அதை வரவேற்றார்கள். என்னைக் கேட்டால், 87 என்று எழுதியிருப்பது 87இல் ஓட்டுவதற்காக அல்ல. 65இல் ஓட்டும்போது கையில் மிச்சமிருக்கும் பலம் அது.

எடைக்கு வருவோம், இதுதான் முக்கியம். பக்கச்சுவரை வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் வசதி, கூரையில் ஏசி, பெரிய குளிர்பெட்டி என்று வீடு கனத்துக்கொண்டே போயிற்று. டயர் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஒரு கணக்கு பாருங்கள். எஸ்டி 205/75 ஆர் 14, சுமைத்தர எழுத்து சி: ஒன்று 50 பிஎஸ்ஐ காற்றில் 1,760 பவுண்டு தாங்கும். இரண்டு அச்சு, நான்கு டயர், மொத்தம் 7,040. அதன் மேல் 7,000 பவுண்டு டிரெய்லரை வைத்து விற்றாலும், கொக்கி வழியாக ஒரு பங்கு எடை இழுக்கும் வண்டிக்குப் போய்விடுவதால், காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். சாலையில் அப்படி இல்லை. சமையல்மேடையும் குளிர்பெட்டியும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்க டயர் மட்டும் கூடுதலாகச் சுமக்கும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் இன்னும் கூடும். டயருக்குப் பத்து சதவீதமாவது மிச்சம் வேண்டும் என்று அமெரிக்க முகாம்வண்டித் தயாரிப்பாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு விதித்ததே 2017இல்தான். அதற்கு முன் வாங்கியவர்கள் அந்த மிச்சத்தைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். ஒரு டயரின் விலையில் சில டாலரை மிச்சம்பிடிப்பதற்காகக் குடும்பங்களை இப்படி விளிம்பில் ஓடவிட்டது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம்.

ஆகவே டயர் வாங்கும் வேலை டயர் கடையில் தொடங்குவதில்லை, எடைமேடையில் தொடங்குகிறது. நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் 1977 முதல் கேட் ஸ்கேல் மேடைகள் இருக்கின்றன. லாரிகளுக்காக வைத்தவைதான், ஆனால் யார் வேண்டுமானாலும் ஏறலாம். பயணத்துக்கு நிரப்புவதுபோல எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு போய், காரின் முன் அச்சு ஒரு பலகையில், பின் அச்சு அடுத்ததில், டிரெய்லரின் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்தினால், சில நிமிடத்தில் சீட்டு கைக்கு வரும். அந்தச் சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்தபிறகு ‘எழுத்து’ தேர்வது எளிது. எஸ்டி 225/75 ஆர் 15 டயரே சி தரத்தில் 50 பிஎஸ்ஐக்கு 2,150 பவுண்டும், டி தரத்தில் 65க்கு 2,540உம், இ தரத்தில் 80க்கு 2,830உம் சுமக்கும். வெளி அளவு அதேதான். உள்பலமும் காற்றும்தான் வேறு.

இங்கேதான் ரிம் வந்து நிற்கிறது. 80 பிஎஸ்ஐ டயரை 50 பிஎஸ்ஐ ரிம்மில் மாட்டினால் பலவீனம் டயரிலிருந்து இரும்புக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். தாங்கும் எடையை ரிம்மின் உள்புறத்தில் முத்திரையாக அடித்திருப்பார்கள். கழற்றித் திருப்பித்தான் படிக்க வேண்டும். காற்றடிக்கும் வால்வும் அப்படியே. சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐயோடு சரி. அதற்கு மேல் உயர் அழுத்தத்துக்கென்று செய்த வால்வோ உலோக வால்வோ வேண்டும். பழைய நாளில் கார் ரிம்மையே எடுத்து மாட்டிக்கொண்டார்கள், பல நேரம் பொருந்தியது. இன்றைய கார் ரிம்மில் ஐந்து துளைகள் நாலரை அங்குல வட்டத்தில் அச்சாகப் பொருந்தினாலும், அதன் நடுத்தட்டு வெளிப்பக்கம் தள்ளியிருப்பதால் சக்கரம் உள்ளே போய் வில்பட்டையை உரசும். டிரெய்லர் ரிம்மில் பொதுவாக அந்தத் தள்ளல் இருக்காது.

இரண்டு அச்சு டிரெய்லரை முகாமில் பின்னோக்கித் திருப்பி நிறுத்தும்போது கீழே குனிந்து பாருங்கள். முன் டயர் ஒரு பக்கம் பிதுங்கும், பின் டயர் எதிர்ப்பக்கம் பிதுங்கும். பக்கச்சுவர் மடிந்து, ரிம் ஓரிடத்திலும் தரையில் பட்ட ரப்பர் வேறிடத்திலும் நிற்கும். கார் டயருக்கு இந்த வதை கிடையாது. ரேடியலின் எஃகுப் பட்டை விடுபடத் தொடங்க இப்படிப்பட்ட திருப்பங்கள் போதும். விட்டபின் ஒருநாள் நெடுஞ்சாலையில் தோல் உரிந்து சக்கர மேல்கூட்டைக் கிழிக்கும். சில வண்டிகளில் தரைப்பலகையையும் எரிவாயுக் குழாயையும் சேர்த்துப் பிய்த்தெறியும். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு இது சட்டென்று தெரிவதுகூட இல்லை. அடுத்த டயர் எடையைத் தாங்கிக்கொண்டு ஓடும், அதுவும் போகும்வரை. அந்நாளில் ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் இறங்கி டயரில் புறங்கையை வைத்துப் பார்ப்பார்கள். இப்போது வால்வில் திருகும் சிறு உணரிகள் காற்றையும் சூட்டையும் ஓட்டுநர் முன் காட்டுகின்றன. கார்களுக்கு 2007 முதல் கட்டாயமான இந்த ஏற்பாடு, டிரெய்லருக்கு இன்னும் கட்டாயமில்லை. நான்கு டயரோடு இதையும் சேர்த்து வாங்குவதே அறிவு.

வயதைப் படிப்பதும் இன்று சுலபம். பக்கச்சுவரில் ‘டிஓடி’ என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் நான்கு எண்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. 2000க்கு முன் மூன்று எண்தான், எந்தப் பத்தாண்டு என்றே குழப்பம் வரும். கடையில் புதிது என்று மாட்டுவது கிடங்கில் இரண்டு வருடம் கிடந்ததாக இருக்கலாம். மாட்டும் முன் எண்ணைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். சில டயர்களில் முழு எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அது உள்பக்கம் திரும்பியிருந்தால் வண்டிக்கு அடியில் ஊர்ந்துதான் பார்க்க வேண்டும். ஐந்து வருடம் தாண்டினால், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், நான் அதில் குழந்தைகளை ஏற்றிப் போகமாட்டேன். ஸ்டெப்னிக்கும் இதே கணக்கு. ஒரு மைல்கூட ஓடாமல் பின்கம்பியில் தொங்கிக்கொண்டே வெடிப்பு விட்ட ஸ்டெப்னிகள் ஏராளம்.

ரிம்மும் டயரும் காற்றும் சேர்த்தே, மாட்டத் தயாராக வீட்டு வாசலுக்கு வருகிற காலம் இது. நட்டு இறுக்குவது மட்டும் அன்றைப்போலவே நம் கையில். நட்சத்திர வரிசையில், அளவுகாட்டும் ஸ்பானரால், வண்டிப் புத்தகம் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். கிளம்பிய பிறகு 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மறுபடியும் பார்க்க வேண்டும். அலுமினிய ரிம் என்றால் கட்டாயம்.