செம்மண், ஒரு குதிரை, ஒரு சபதம்

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்துக்குக் கீழே ஒரு டீக்கடையில் அந்தத் தம்பியைச் சந்தித்தேன். வடபழனியில் உதவி இயக்குநராக இருப்பவர். இங்கிருந்து மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம். கிண்டி எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் படம் தயாரிக்க முன்வந்திருக்கிறார், அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

“அண்ணே, ஒரு கௌபாய் கதை வச்சிருக்கேன். அப்பாவைக் கொன்னவனைத் தேடிப் போறவன் கடைசியில மனசு மாறுறான். தயாரிப்பாளர்கிட்ட கொஞ்சம்தான் பணம் இருக்கு. இந்தப் பணத்துல எடுக்க முடியுமாண்ணே?”

முடியும் என்றேன். கௌபாய் படம் என்றதும் நம் மனதில் வரும் அந்தத் தோற்றமே காசில்லாத இடத்தில் உருவானதுதான் என்றும் சொன்னேன். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் அவரிடம் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் கதையோடு காத்திருக்கிறார்கள்.

பாதி ஃபிலிமில் ஒரு பாணி

1964-ல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்தை எடுத்தபோது ஆன செலவு சுமார் 2 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது மிகச் சிறிய தொகை. நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட் அப்போது தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்தவர். அவருக்குச் சம்பளம் 15,000 டாலர். அமெரிக்கா போய் எடுக்க வசதி இல்லை. ஸ்பெயின் நாட்டின் பொட்டல்வெளியே மெக்சிகோ எல்லையாக நடித்தது.

ஃபிலிம் வாங்கவும் கணக்குப் பார்த்தார்கள். வழக்கமாக ஒரு ஃபிரேமுக்கு ஃபிலிமில் நான்கு துளை நீளம் வேண்டும். ‘டெக்னிஸ்கோப்’ முறையில் இரண்டு துளை நீளம் போதும். பாதி ஃபிலிமில் அகலத்திரைப் படம் கிடைத்துவிடும். சாதாரண லென்ஸே போதும் என்பதால் நடிகரின் முகத்துக்கு வெகு அருகில் கேமராவைக் கொண்டுபோக முடிந்தது. கண்ணோரச் சுருக்கமும் தூரத்து மலையும் ஒரே ஷாட்டில் தெளிவாக விழுந்தன. உலகம் முழுக்க இயக்குநர்கள் பின்பற்றிய அந்த நெருக்கமான முகக் காட்சிகளுக்குப் பின்னால் ஃபிலிம் செலவைப் பாதியாக்கிய சிக்கனமும் இருந்தது.

இசையிலும் அப்படித்தான். பெரிய வாத்தியக் குழு வைக்கப் பணம் இல்லாததால், என்னியோ மோரிகோனே சீட்டியையும் சவுக்குச் சத்தத்தையும் துப்பாக்கி வெடியையும் மின்சார கிதாரையும் வைத்து இசை அமைத்தார். கேட்டதும் கௌபாய் படம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கதை அகிரா குரோசாவாவின் ‘யோஜிம்போ’விலிருந்து அனுமதி பெறாமல் எடுக்கப்பட்டது. வழக்கு வந்தது. ஜப்பானியர்களுக்கு வசூலில் 15 சதவீதம் கொடுக்க வேண்டியதாயிற்று. பணத்தை எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். கதைக்குரிய உரிமையில் மட்டும் பிடிக்கக் கூடாது.

கர்ணன் காட்டிய வழி

இந்தப் பாணி தமிழுக்கு வந்து சேரப் பத்தாண்டுகூட ஆகவில்லை. கொண்டுவந்தவர் எம். கர்ணன். கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘கற்பகம்’ (1963) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். வீட்டுக் கூடத்துக் கண்ணீரைப் படம்பிடித்த அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு பொட்டல்காட்டுக்குப் போனார். சொந்தமாக இந்திராணி பிலிம்ஸ் என்ற நிறுவனத்தை வைத்துக்கொண்டு ‘காலம் வெல்லும்’ (1970), ‘ஜக்கம்மா’ (1972), ‘கங்கா’ (1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) என்று வரிசையாகக் குதிரைப் படங்களை எடுத்தார். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஒரே ஆள். சின்ன பட்ஜெட் படத்துக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. எந்த ஷாட் வேண்டும், எது வேண்டாம் என்பதில் இரண்டு பேர் விவாதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெயில் இறங்குவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஏன் கௌபாய் கதை? அந்த நாளில் சண்டைப் படம் என்றால் ராஜா ராணிக் கதைதான் முதலில் நினைவுக்கு வரும். அதற்கு அரண்மனை செட், நகை, பட்டு, படை வேண்டும். கௌபாய் கதைக்கு ஒரு தொப்பி, ஒரு பெல்ட், நாலைந்து குதிரை, துணிந்த ஃபைட்டர்கள் போதும். செட்டுக்குப் பதில் செம்மண். விளக்குக்குப் பதில் வெயில். நிழல் விழும் முகத்துக்கு ரிஃப்ளெக்டரைத் திருப்பினால் ஆயிற்று. கர்ணன் கேமராவைத் தரையோடு வைத்துக் குதிரையின் குளம்புகளை லென்ஸை நோக்கி ஓடவிட்டார். பின்னால் பெரிய படை இல்லை என்பதை அந்தப் புழுதி மறைத்துவிட்டது.

அவருக்குக் கிடைத்த நாயகன் ஜெய்சங்கர். 1965-ல் ‘இரவும் பகலும்’ படத்தில் அறிமுகமாகி, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படம் வருகிறதோ என்று சொல்லும் அளவுக்கு நடித்தவர். துப்பறியும் படங்களால் ‘தென்னக ஜேம்ஸ்பாண்ட்’ என்று பெயர் எடுத்தவர் கர்ணனின் படங்களில் ‘கௌபாய்’ ஆனார். ‘கங்கா’வில் தந்தையைக் கொன்றவர்களைத் தேடிப் பழிதீர்க்கப் புறப்படும் மகன் அவர். கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரிதான் படத்தைத் தாங்குகிறது. கொட்டகையில் எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாலும், இவன் யார், எதற்காக ஓடுகிறான் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் தெலுங்கில் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளக்கு மோசகாடு’ (1971) வெற்றி பெற்றது. 1978-ல் தேவர் பிலிம்ஸ், ஆர். தியாகராஜன் இயக்கத்தில் ரஜினிகாந்துக்குக் கௌபாய் தொப்பி போட்டு ‘தாய் மீது சத்தியம்’ எடுத்தது. தலைப்பே சபதம்! பெற்றவர்களை இழந்தவன் செய்யும் சத்தியம் என்றால் தமிழ் ரசிகனுக்கு விளக்கம் தேவையில்லை.

திரையில் குதிரைகள் குறைந்த பிறகும் ஆசை குறையவில்லை. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் கௌபாய் நாயகர்களான டெக்ஸ் வில்லரையும் லக்கி லூக்கையும் தமிழ் பேசவைத்தன. அந்த காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்த தலைமுறையின் நன்றிக்கடனாகச் சிம்புதேவன் 2010-ல் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தார். நாயகனின் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்தார். கர்ணன் 2012-ல் மறைந்தார். தன் நாயகனின் பெயரில் திரையில் ஓர் ஊர் எழுந்ததற்குப் பிறகுதான் அவர் போனார் என்பது எனக்கு ஆறுதல்.

மாடும் மண்ணும் நம்முடையவை

கௌபாய் கதை நமக்கு இரவல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ‘கௌபாய்’ என்றால் மாடு மேய்ப்பவன். மாட்டைக் கவர்வதும் கவர்ந்ததை மீட்பதும் தமிழில் இலக்கணமாகவே வகுக்கப்பட்டவை: வெட்சி, கரந்தை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுக்கப்பட்ட, தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களில் ஒன்று ‘ஆகோள்’ என்ற சொல்லைத் தாங்கி நிற்கிறது. மாடு கவர்ந்த பூசலில் மாண்ட ஒருவனுக்கு நட்ட கல் அது. செங்கத்திலும் தருமபுரியிலும் இப்படிப்பட்ட நடுகற்கள் நிறைய உள்ளன. அமெரிக்க மேற்கில் முதல் கௌபாய் குதிரை ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் மந்தைக்காகச் செத்தவனுக்குக் கல் நட்டிருக்கிறார்கள்.

நான் டீ குடித்த இந்த ஊரின் பெயரையே பாருங்கள். தாங்கல் என்றால் மழைநீர் தேங்கும் சிறு ஏரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் எல்லாம் அந்த வழியில் வந்த பெயர்கள். பயிருக்கும் மாட்டுக்கும் தண்ணீர் கொடுத்த இடங்கள் அவை. நீர், மந்தை, நிலம், அவற்றைப் பறிக்க வருபவன், காக்க நிற்பவன்: இவ்வளவுதான் கௌபாய் படம். ‘மலையூர் மம்பட்டியான்’ (1983), ‘சீவலப்பேரி பாண்டி’ (1994) போன்ற படங்களில் தொப்பியும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. ஆனால் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவன், அவனுக்குச் சோறு போடும் ஊர், துரத்தும் போலீஸ் எல்லாம் உண்டு. என் கணக்கில் அவையும் இதே இனம்தான்.

பழி முடிந்த பிறகு

குதிரையும் செம்மண்ணும் எளிதில் கிடைத்துவிடும். கதையின் முடிவு அப்படிக் கிடைக்காது. பழிவாங்கும் படங்களில் பெரும்பாலானவை வில்லன் விழுந்ததும் வணக்கம் போட்டுவிடுகின்றன. நல்ல படம் அங்கிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறது.

லியோனேயின் அடுத்த படமான ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’ (1965) படத்தில் தங்கையின் சாவுக்குப் பழிவாங்க அலையும் கர்னல் ஒருவர் வருகிறார். பழி தீர்ந்ததும், பரிசுப் பணத்தில் தன் பங்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் குதிரையேறிப் போகிறார். தங்கையின் உயிருக்குப் பணத்தில் விலை கிடையாது. ‘ஷோலே’யில் (1975) பழிவாங்கும் தாக்கூர், வில்லன் கப்பரைக் கொல்வதாகத்தான் முதலில் எடுத்தார்கள். தணிக்கைக் குழு மறுத்ததால் கடைசி நிமிடத்தில் போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றினார்கள். பழியை முடிப்பவன் யார், சட்டமா தனிமனிதனா என்ற கேள்விக்கு நாட்டில் நெருக்கடி நிலை இருந்த காலத்தில் கிடைத்த விடை அது. 1992-ல் ஈஸ்ட்வுட் தானே இயக்கி நடித்த ‘அன்ஃபர்கிவன்’ இன்னும் கடுமையானது. மனைவியால் திருந்தி, பன்றி வளர்த்துப் பிழைக்கும் பழைய கொலைகாரன் பணத்துக்காக மறுபடி துப்பாக்கி எடுக்கிறான். நண்பனைக் கொன்றதற்குப் பழிவாங்கும்போது பழைய மிருகமே ஆகிவிடுகிறான். திருந்தியவனைப் பழி என்ன செய்யும் என்பதை அதைவிட நேராகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகி நீதி கேட்டு நிற்கிறாள். தன் தவற்றை உணர்ந்த கணமே பாண்டியன் உயிரை விடுகிறான். ஒரே அவையில் ஒருத்தியின் பழியும் ஒருவனின் பிராயச்சித்தமும் நடந்து முடிகின்றன. மதுரையையும் அவள் இட்ட தீயையும் பேசிக்கொண்டே இருக்கிறோம். அரியணையிலிருந்து சரிந்த அந்த மனிதனைப் போதுமான அளவு பேசியதில்லை.

அப்படித் தவற்றை உணர்ந்தவனைப் பேசிய அண்மைக் காலப் படமாக நான் கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ (2023) படத்தைச் சொல்வேன். குறும்படங்களில் தொடங்கி, குறைந்த செலவில் ‘பீட்சா’ (2012) எடுத்து வந்தவர் அவர். மதுரை ரவுடி சீசர், கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ரசிகன். அவனைக் கொல்ல அனுப்பப்பட்டவன் திரைப்பட இயக்குநராக வேடம் போட்டு வருகிறான். கடைசியில் சீசர் ஆயுதத்தைக் கீழே போட்டுக் காட்டு மக்களோடு நின்று உயிர் கொடுக்கிறான். கொல்ல வந்தவன் துப்பாக்கியை விட்டுவிட்டு, நடக்கும் அநியாயத்தைக் கேமராவில் பதிவு செய்து உலகத்துக்குக் காட்டுகிறான். பழிவாங்கத் துப்பாக்கி போதும். திருந்தியவன் திருந்தினான் என்று சொல்ல, அதைப் பார்த்த ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியாகக் கேமராவையே நிறுத்தியதுதான் அந்தப் படத்தின் பெருமை. அது பெரிய பட்ஜெட் படம்தான். ஆனால் அதன் உச்சமான அந்த முடிவைப் பணம் கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

தம்பிக்கு

அன்று பாதியில் விட்டதை இப்போது சொல்லி முடிக்கிறேன். முதலில் கர்ணனின் படங்களைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் ஃபிலிமும் நிறைய வெயிலும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படி வேலை செய்தார் என்பது அவற்றில் இருக்கிறது. அவற்றின் பிரதிகள் யாரிடமாவது இருந்தால், பெட்டியில் பூசணம் பிடிப்பதற்குள் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு உங்கள் கதைக்கு வாருங்கள். அப்பாவைக் கொன்றவன் உங்கள் நாயகன் எதிரில் மண்டியிட்டிருக்கிறான். விரல் விசையில் இருக்கிறது. அந்த இடத்தில் அவன் ஏன் சுடாமல் விடுகிறான் என்ற காரணத்தை, தயாரிப்பாளரிடம் மறுபடி போவதற்கு முன் எழுதி முடித்துவிடுங்கள். அது உண்மையாக இருந்தால், கையில் இருக்கும் பணம் போதும்.