எடை போட்டு வாங்கும் வீடு

பெரணமல்லூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில், தறிக்காரர் ஒருவர் தன் போனை என் கையில் கொடுத்தார். அவர் மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. தோழிகள் இரண்டு பேரோடு சேர்ந்து சோழிங்கநல்லூரில் ஒரு வீடு பார்த்திருக்கிறாள். கட்டில், மெத்தை, அலமாரி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி எல்லாம் வீட்டோடு வருகிறது. வாடகை 30,000, அட்வான்ஸ் 3 லட்சம்.

"பெட்டியோட போய் எறங்கினா போதும்னு சொல்றாங்க தம்பி. எனக்குத்தான் பயமா இருக்கு."

பயப்பட ஒன்றுமில்லை. ஒரு வருடத்தில் வேலை பெங்களூருக்கு மாறினாலும் மாறும். அதற்காக ஃபிரிட்ஜும் கட்டிலும் வாங்கி, மாடி ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியாது. "இந்தக் கணக்கு உங்களுக்குப் புதுசில்லண்ணா" என்றேன். கூலிக்கு நெய்கிறவர் முதலாளியிடம் பட்டும் ஜரிகையும் வாங்கும்போது எடை போட்டு நோட்டில் எழுதித்தான் வாங்குகிறார். சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது மறுபடியும் தராசு. குறைந்தால் கூலியில் பிடித்தம். சாமானோடு வாடகைக்கு எடுக்கும் வீடும் அப்படித்தான். அடுத்தவர் பொருள் நம் கையில் இருக்கிறது. வாங்கிய அன்றே எழுதாவிட்டால், திருப்பிக் கொடுக்கும் நாளில் நம் பேச்சு எடுபடாது.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. வேளச்சேரியில் நான் இருந்த வீட்டில் பிளைவுட் அலமாரி ஒன்று. அதன் அடிப்பலகை தண்ணீர் குடித்து உப்பியிருந்தது, நான் குடிபோகும் முன்பே. துணி அடுக்கிய பிறகு அது கண்ணுக்குத் தெரியவில்லை. காலி செய்த நாளில் வீட்டுக்காரர் முதலில் குனிந்து பார்த்தது அந்தப் பலகையைத்தான். முழு அலமாரிக்கும் பிடித்துக்கொண்டார். என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.

அதனால் "ஏசி 1" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கம்பெனி, ரிமோட் இருக்கிறதா, ஓட்டிப் பார்த்தபோது குளிர்ந்ததா, தண்ணீர் சொட்டியதா என்றெல்லாம் எழுத வேண்டும். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர், மெத்தையின் கறை, கட்டில் காலின் கீறல் எதையும் விடக் கூடாது. சாவி வாங்கிய அன்றே வீடு முழுக்க வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். சாமான் பட்டியலை ஒப்பந்தத்தோடு சேர்த்து இரண்டு பேர் கையெழுத்தும் வாங்க வேண்டும்.

அட்வான்ஸ்தான் அண்ணனை அதிகம் உறுத்தியது. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. இந்தக் கணக்கில் 90,000தான். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் அது செல்லும் என்று அதே பிரிவு சொல்கிறது. சென்னையின் பத்து மாத வழக்கம் இன்றும் உயிரோடு இருப்பது அந்த வரியால்தான். அது எனக்கு வருத்தமே. கையெழுத்துப் போடும் முன் பேரம் பேச வேண்டும், பிறகு பேசிப் பயனில்லை.

வாடகை ஒப்பந்தத்தை வழக்கமாக 11 மாதத்துக்குப் போடுவது ஏன்? 1908-ம் வருடப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் 11. ஆனால் புதிய சட்டத்தில் எந்த வாடகையானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே பதியலாம்.

ரிப்பேர் விஷயத்திலும் வாடகைச் சட்டத்தின் அட்டவணை தெளிவாக இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும், வயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. டேப், சுவிட்ச், கீசர் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு. காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது ஊர் வழக்கமாகிவிட்டதால், ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன். கட்டிலும் மெத்தையும் அந்த அட்டவணையில் இல்லை. ஃபிரிட்ஜ் கெட்டால் யார் செலவு என்பதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏசி இருக்கும் வீட்டில் கரண்ட் பில்லும் ஒரு வாடகை மாதிரிதான். வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால், இலவச யூனிட் போக மீதிக்கு நாமே மின்வாரியத்தில் கட்டிவிடலாம். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தன் கையில் தரச் சொன்னால், அது ஏன் என்று கேட்க வேண்டும். இரண்டு வீடு ஒரே மீட்டரில் ஓடினால் யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறும். குடிபோகும் நாளில் மீட்டர் ரீடிங்கையும் ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும்.

டீ ஆறிவிட்டது. அண்ணன் மகளைக் கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"பாப்பா, அந்த மெத்தையைத் தூக்கி அடியில பாத்தியா?"